கதவடியில் ஒரு ரயில்பூச்சி

தாராவியில் கம்பளி நூலுக்கு என்ன வேலை என்று மர்யத்தைக் கேட்காதவர்கள் கிடையாது. வருடத்தில் பத்து மாதம் முதுகில் வேர்வை ஓடுகிற ஊர். மிச்சமுள்ள இரண்டு மாதத்துக்கு மின்விசிறியை ஒரு புள்ளி குறைத்தாலே போதும். ஆனாலும் மடியில் இரண்டு ஊசியும் ஒரு நூல் உருண்டையும் இல்லாமல் அவள் உட்கார்ந்திருந்த மத்தியானத்தை அந்தச் சந்து முப்பது வருடமாகப் பார்த்ததில்லை.

கல்யாணமான கையோடு, பத்தொன்பது வயதில், கடையநல்லூரிலிருந்து தாய்மாமன் மகன் உதுமானுக்குப் பின்னால் தாதரில் வந்து இறங்கியவள் அவள். நாலாவது வருடம், அடைமழை ஆகஸ்டில், எட்டாம் மாதத்திலேயே பரீஹா பிறந்தாள். உள்ளங்கைக்குள் அடங்குகிற பிள்ளை. தலையில் சூடு குறையக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். அடுத்த சந்தில் காவல்காரர் ஒருவரின் மனைவி இருந்தாள், மலைநாட்டுக்காரி. கேள்விப்பட்டு ஒரு கம்பளித் தொப்பியோடு வந்தாள். இவளுக்கு அப்போது இந்தி வராது, அவளுக்குத் தமிழ் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து, ஊசியில் கண்ணி ஏற்றுவதையும் இறக்குவதையும் கையைப் பார்த்துக் கையே கற்றுக்கொண்டது. பரீஹா பிழைத்தாள். மலைநாட்டுக்காரி ஊரைப் பார்க்கப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அந்தச் சந்தில் பிறந்த எந்தக் குழந்தையும், இந்துவோ முஸ்லிமோ, மர்யம் பின்னிய தொப்பியைப் போடாமல் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததில்லை. ஒவ்வொரு தொப்பியிலும் மிஞ்சிய நூலைச் சின்ன உருண்டையாகச் சுற்றி, நாப்தலீன் உருண்டையோடு ஒரு தகர டின்னில் போட்டு வைப்பாள். எதற்கு என்று அவளுக்கே தெரியாது. தூக்கிப் போட மனம் வராது, அவ்வளவுதான்.

உதுமானுக்குத் தோல் வேலை. பர்ஸ், பெல்ட், கைப்பை. முப்பத்தைந்து வருடம் தோலின் ஓரத்தை உரசி வழவழப்பாக்குகிற மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்தவர். அந்தத் தூசியும் பசையின் நெடியும் அவருக்குள் போய்ச் சேர்ந்தது ஐம்பத்தெட்டாவது வயதில்தான் வெளியே தெரிந்தது. படிக்கட்டில் மூச்சு வாங்கியது. பிறகு தரையிலேயே வாங்கியது. எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் பிடித்து, நுரையீரல் இறுகிப்போய்விட்டது என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்த உதுமான் சிரித்துக்கொண்டே சொன்னார்: "உள்ள இருக்கதும் தோலாயிட்டாம் மர்யம். பதம் பாத்துத் தைக்க வேண்டியதுதான்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. டாக்டர் கடைசியாகச் சொன்னதையே பிடித்துக்கொண்டிருந்தாள். தூசியும் புகையும் ஆகாது. இந்தக் குளிர்காலத்தைத் தாண்டிவிட்டால் பார்க்கலாம். குளிர்காலம் என்றால் பம்பாய்க்குக் குளிர் இல்லை, காற்று நகராமல் நிற்கிற காலம். நவம்பரிலிருந்து பிப்ரவரி. நாலு மாதம் இந்த மனுசரின் நெஞ்சுக்குள் தூசி போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அது தன் வேலை என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

வேலை லேசானதல்ல. பத்துக்குப் பன்னிரண்டு அடி வீடு. ஜமாஅத்தில் இரவல் கொடுத்த ஆக்சிஜன் மிஷின் ஒரு மூலையில் உறுமிக்கொண்டிருக்கும். கட்டிலுக்கும் கதவுக்கும் நாலே எட்டு, தள்ளிப் போட வேறு இடமில்லை. நாலடிச் சந்துக்கு எதிர்ப்பக்கம் பெரியநாயகம் அண்ணாச்சியின் பிளாஸ்டிக் அரைக்கிற பட்டறை. அவர் நல்ல மனுசர். உதுமான் தூங்கட்டும் என்று மத்தியானம் இரண்டு மணி நேரம் மிஷினை நிறுத்திவைத்தார். நாள் முழுக்க நிறுத்தச் சொல்ல யாருக்கு வாய் வரும்? அதில் ஒன்பது பேர் வயிறு இருக்கிறது. மிஷின் ஓடினால் மாவு போல வெள்ளைத் தூசி பறக்கும். மர்யம் ஜன்னலைப் பிளாஸ்டிக் தாள் ஒட்டி மூடினாள். ஆனால் கதவுக்குக் கீழே இரண்டு விரல் இடைவெளி. மழைக்காலம் தவறாமல் பலகை ஊதிக் கதவு தரையில் உரசும். உதுமானே வருடா வருடம் இழைத்து இழைத்து உண்டாக்கிய இடைவெளி அது. பழைய சேலையைச் சுருட்டி அடைத்தாள். ஒரு தடவை கதவைத் திறந்து மூடினால் சேலை எங்கோ கிடந்தது.

பரீஹா ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். தமிழ் பேசுவாள், படிக்க வராது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போனைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"உம்மா, இதப் பாருங்க. வெளிநாட்டுல குளிர் காத்து உள்ள வராம இருக்க, கதவுக்குக் கீழ இந்த மாதிரி நீளமா பின்னி வைக்காங்க. உள்ள மணலு, துணியெல்லாம் அடச்சு. வெயிட்டா இருக்கும், ஹிலேகா நஹி, அசையாது."

நீளமான நாய் ஒன்று கதவடியில் படுத்திருந்தது. அடுத்த படத்தில் பாம்பு.

"நாயா? வீட்டுக்குள்ளயா?" என்றாள் மர்யம்.

"அப்போ பாம்பு பின்னுங்க."

"போளா அங்கிட்டு. ராத்திரி எந்திரிச்சு அதப் பாத்தா எனக்கு முதல்ல மூச்சு நின்னுரும்."

கட்டிலிலிருந்து குரல் வந்தது. "ரயில்பூச்சி பின்னு. அது யாரையும் கடிக்காது. தொட்டா அதுவே சுருண்டுக்கும், என்னய மாதிரி."

தகர டின் வெளியே வந்தது. முப்பது வருட மிச்சம். பச்சை, மஞ்சள், ஊதா, குங்குமச் சிவப்பு, அழுக்கு வெள்ளை. ஒரு நிறத்தில் நாலு வரிசை, அடுத்த நிறத்தில் நாலு வரிசை என்று பின்னிக்கொண்டே போனாள். பெட்டி பெட்டியாக ரயில் நீண்டது. தையல் பட்டறையிலிருந்து வெட்டுத் துணி கொண்டுவந்தாள். கட்டடம் எழும்புகிற இடத்தில் கேட்டு வாங்கிய மணலை நாலு தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்துப் பைகளில் கட்டி உள்ளே இறக்கினாள். பக்கத்துக்கு இருபதாக நாற்பது கால் வைத்தாள். சுண்டுவிரல் பருமனில் ஒவ்வொன்றும் ஒரு நிறம்.

கதவடியில் கிடத்தி, காலால் ஒரு தள்ளு தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை. இடைவெளியும் அடைபட்டது.

"அல்ஹம்துலில்லாஹ். இனி உங்க நெஞ்சுக்குள்ள ஒரு தூசி போவாது மச்சான்."

"எனக்கு மட்டும்தானா?" என்றார் உதுமான். "ஒனக்கும் ஒரு நெஞ்சு இருக்குல்லா. முப்பது வருசமா அதே தூசியத்தானே நீயும் குடிக்க."

அதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அன்று சாயங்காலம் சஃப்ரீன் வந்தாள். மேல் மாடியில் பெண்பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுப்பவள். மர்யத்தின் தொப்பியில் வளர்ந்தவள்தான் அவளும். ரயில்பூச்சியைப் பார்த்ததும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அந்த மஞ்ச என் தொப்பி நூலுதானே மாமி?"

"உன்னோடதுதான். உனக்குத் தல பெருசு, நூலு கொஞ்சந்தான் மிஞ்சுச்சு."

சஃப்ரீன் சிரித்தாள். பிறகு தலைப்பக்கத்தைத் தடவிப் பார்த்தாள். அங்கே இன்னும் ஒன்றுமில்லை. "முகம் வைக்கப் போறீங்களா மாமி?"

"பெறவு? ரெண்டு கண்ணு வச்சாத்தானே பூச்சி."

"வேண்டாமே. உருவம் உள்ள வீட்டுக்குள்ள ரஹ்மத்துடைய மலக்குங்க வரமாட்டாங்கன்னு ஓதியிருக்கோம்லா. விளையாட்டுப் பொம்மைக்குப் பரவாயில்லன்னு சொல்றவங்களும் உண்டு. ஆனா சுகமில்லாதவங்க இருக்கற வீடு. நாம பேணுதலா இருந்துக்குவோம்."

இறைவனின் கருணையைச் சுமந்து வருகிற வானவர்கள் வாசலோடு திரும்பிப்போவதா? மர்யம் கையிலிருந்த பொத்தானை உடனே டின்னில் போட்டாள்.

உதுமான் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்தார். "நான் சொல்லுதத கேளு. கண்ண வச்சிரு. உயிர வாங்க வராரே மலக்குல் மவுத், அவரும் மலக்குதானே. வாசல்ல பாத்துட்டு அப்படியே திரும்பிப் போயிருவாரு."

"அவுகளுக்கு அந்தச் சட்டம் கெடையாது மாமா," என்றாள் சஃப்ரீன். "அவுகளுக்குக் கதவே கெடையாது."

"அப்படியா. நான் கொஞ்ச நேரம் சந்தோசப்பட்டுட்டேன்."

மூன்று பேரும் சிரித்தார்கள். சிரித்ததில் அவருக்கு இருமல் வந்து, அடங்கக் கால் மணி நேரம் ஆயிற்று.

மறுநாளிலிருந்து அவரும் ஒரு வேலை எடுத்துக்கொண்டார். இத்தனை கால் இருக்கிறது, செருப்பு இல்லாமலா என்றார். பழைய டப்பா ஒன்றில் அவருடைய குத்தூசியும் மெழுகு நூலும் கத்தியும் கிடந்தன. வெட்டுத் தோலில் நகத்தளவு செருப்புகள் வெட்டினார். ஒரு நாளைக்கு ஒரு ஜோடி. சில நாள் அதுவும் முடியாது. முடிந்தவற்றைத் தொலைந்துபோகாமல் ஜோடி ஜோடியாக நூலில் கோத்து முடிச்சுப் போட்டு வைப்பார்; எதுவானாலும் ஜோடியைக் கோத்து வைப்பது அவர் பட்டறைப் பழக்கம். காலையில் மர்யம் ரயில்பூச்சியைத் தூக்கி அவர் மடியில் கிடத்துவாள். அவர் செருப்பு மாட்டித் தைப்பார். அவள் எதிரே உட்கார்ந்து யாருக்கோ தொப்பி பின்னுவாள். கல்யாணமாகி முப்பத்து நாலு வருடத்தில் இருவரும் பகலில் ஒரே அறையில் உட்கார்ந்து வேலை செய்தது அந்த இரண்டு மாதம்தான்.

சந்துப் பிள்ளைகள் கதவைத் தட்டி, இன்றைக்கு எத்தனை செருப்பு ஆயிற்று என்று இந்தியில் கேட்டார்கள்: "நானா, ஆஜ் கித்னா ஜூத்தா ஹுவா?"

"பதினாலு ஜோடி. உங்கப்பனுக்குக்கூட இத்தன செருப்பு கெடையாதுலே."

ஜனவரியில் காற்று நின்றுவிட்டது. காலை பத்து மணிக்கும் எதிர்ச்சுவர் மங்கலாகத் தெரிந்தது. ரயில்பூச்சி தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது. கதவுக்கு வெளியே வெள்ளைத் தூசி கோடு போட்டது போலக் கிடக்கும். உள்ளே ஒரு துளி இருக்காது. ஆனால் கெடுதல் வெளியிலிருந்து வரவில்லை, ஏற்கெனவே உள்ளே போய் உட்கார்ந்திருந்தது. ஆக்சிஜன் மிஷினின் முள் இரண்டிலிருந்து மூன்றுக்குப் போயிற்று, மூன்றிலிருந்து ஐந்துக்கு. அதற்கு மேல் அதில் எண் இல்லை. பதினேழு ஜோடியோடு செருப்பு வேலை நின்றது.

ஒரு புதன்கிழமை டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த பரீஹா, மூலையில் குளிக்கிற மோரிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். குழாய்ச் சத்தத்தை விட அழுகைச் சத்தம் பெரிதாக இருந்தது. வெளியே வந்து, "ஆஸ்பத்திரின்னாலும் வீடுன்னாலும் ஒண்ணுதானாம் உம்மா," என்று மட்டும் சொல்லிவிட்டு வேலைக்குத் திரும்பிப் போனாள்.

மத்தியான லுஹர் தொழுகையைத் தொழுதுவிட்டு மர்யம் வெகுநேரம் பாயிலேயே இருந்தாள். உதுமான் தூங்கிக்கொண்டிருந்தார். விலா எலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாக மூச்சு இழுத்தது. அவள் எழுந்து டின்னைத் திறந்தாள். இரண்டு கறுப்புப் பொத்தான்கள், அவருடைய பழைய கோட்டில் இருந்தவை. சஃப்ரீன் சொன்னது அவளுக்கு மறக்கவில்லை. மலக்குல் மவுத்துக்குக் கதவே கிடையாது என்பது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். தலைக்குத் தெரிந்தது கைக்குத் தெரியவில்லை. ரயில்பூச்சியின் வெறும் தலையில் இரண்டு கண்களையும் வைத்து இறுக்கித் தைத்தாள். கதவைத் திறந்து யார் வந்தாலும் முதலில் அந்த முகத்தில்தான் விழிக்க வேண்டும், அப்படித் தலையைத் திருப்பிக் கிடத்தினாள்.

பிறகு அதைப் பார்க்க அவளுக்கே கூச்சமாக இருந்தது. வேறு யாரும் பார்த்துவிடாதபடி அரிசி டிரம்மைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினாள். ரெண்டு நாளைக்கு மட்டும், யா அல்லாஹ், என்று வேண்டிக்கொண்டாள். எதற்கு மன்னிப்புக் கேட்பது, எதைக் கொடு என்று கேட்பது என்று பிரிக்கத் தெரியவில்லை.

வியாழக்கிழமை காலை பொதுக்குழாயில் குடிதண்ணீர் பிடித்துக்கொண்டு அவள் திரும்பியபோது கதவு திறக்கவில்லை. தோளால் மெல்லத் தள்ளிப் பார்த்தாள். உதுமான் கட்டிலை விட்டு இறங்கிக் கதவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். ஆக்சிஜன் குழாய் அறுந்துவிடுவது போல இழுபட்டு நின்றது. மடியில் அந்த டப்பா. உதடு நீலமாகிவிட்டது.

குடத்தை வாசலிலேயே வைத்துவிட்டு இடுக்கு வழியாக உள்ளே நுழைந்தாள். "என்ன காரியம் மச்சான் இது? எதுக்கு எறங்குனீங்க?"

ஒரு சொல்லுக்கு ஒரு மூச்சு எடுத்துச் சொன்னார். "ஒரு பிசிறு... நீட்டிக்கிட்டு இருந்துச்சு. வெட்டி விட்டேன்."

"பிசிறு இருந்தா இருக்கட்டுமே. நான் வெட்ட மாட்டேனா?"

அவர் அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்குளில் கைகொடுத்துத் தூக்கிக் கட்டிலில் சாய்த்தாள். முன்பெல்லாம் அரிசி மூட்டையை ஒற்றைத் தோளில் கொண்டுவருகிறவர். இப்போது அவளே தூக்கும்படி இருந்தார். ரயில்பூச்சி தலையை டிரம்முக்குப் பின்னால் நுழைத்துக்கொண்டு கிடந்தது. அவள் அதைத் தொடவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவில் இடம் விழ ஆரம்பித்தது. பரீஹா ஆம்புலன்ஸுக்குப் போன் போட எடுத்தாள். உதுமான் இரண்டு விரலை மட்டும் தூக்கி வேண்டாம் என்றார். சஃப்ரீன் ஓடிவந்து தலைமாட்டில் உட்கார்ந்து குர்ஆனிலிருந்து யாசீன் ஓதினாள். பரீஹா மக்காவிலிருந்து வந்த ஜம்ஜம் தண்ணீரைக் கரண்டியில் எடுத்து வாப்பாவின் உதட்டை நனைத்தாள். எதிர்ப் பட்டறையில் மிஷின் நின்றது. யாரும் போய்ச் சொல்லவில்லை.

மர்யம் அவருடைய வலது கையைப் பிடித்திருந்தாள். அவள் காதில் யாசீன் விழவில்லை. டிரம்முக்குப் பின்னால் இரண்டு கண்கள் விழித்திருக்கின்றன என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தது. எழுந்து நாலு எட்டு வைத்து அந்தக் கண்களைப் பிய்த்துப் போட்டால் இந்த மனுசருக்கு இப்போது தேவைப்படுகிற ரஹ்மத் உள்ளே வரும். பிய்த்துப் போட்டால் உயிரை வாங்க வருகிறவரும் உள்ளே வருவார். நாலு எட்டு. அந்தக் கையை விட்டுவிட்டுப் போக வேண்டும். இன்னும் ஒரு மூச்சு பார்த்துவிட்டுப் போகலாம் என்று இருந்தாள். அந்த மூச்சு வந்தது. இன்னும் ஒன்று பார்க்கலாம் என்று இருந்தாள்.

அது வரவில்லை.

"வெள்ளிக்கிழமை மவுத். கொடுத்து வச்சவரு," என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். ஆண்கள் கதவை விரியத் திறந்து உள்ளே வந்தபோது ரயில்பூச்சி காலில் தட்டுப்பட்டுச் சுருண்டு கட்டிலுக்கடியில் போயிற்று. இரவு இஷா தொழுகைக்கு முன்னாலேயே மய்யித்தைத் தூக்கிவிட்டார்கள். பெரியநாயகம் அண்ணாச்சி சந்து முனை வரை தோள் கொடுத்துவிட்டு வந்து, பட்டறையை மூன்று நாள் பூட்டிப் போட்டார்.

மர்யம் இத்தாவில் உட்கார்ந்தாள். நாலு மாதம் பத்து நாள் வாசல் தாண்டக் கூடாது. ஆக்சிஜன் மிஷினை வேறொரு வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். அது உறுமிக்கொண்டிருந்த மூலையில் இப்போது எறும்பு ஊர்வது கேட்கும் போல இருந்தது. அழுகிறவளை எல்லோரும் தேற்றினார்கள். அவள் அழுதது அவர் போனதற்கு மட்டுமல்ல என்பது ஒருவருக்கும் தெரியாது. அந்தக் கடைசி நேரத்தில் அவர் தலைமாட்டுக்கு வரவேண்டியவர்களை வாசலிலேயே நிறுத்திவிட்டாளே. தூசியைத் தடுக்கிறேன் என்று பின்னியது எதைத் தடுத்துவிட்டது.

ஒன்பதாம் நாள் சஃப்ரீனிடம் கேட்டாள். "அன்னைக்கு நீ ஓதும்போது... ரஹ்மத்து எறங்கியிருக்குமாளா?"

"எறங்காமயா மாமி? மாமா மொகம் எவ்வளவு அமைதியா இருந்துச்சு."

"வீட்டுல ஏதாவது தப்பு இருந்திருந்தா?"

"இந்த வீட்டுல என்ன தப்பு?"

மர்யம் சேலை முந்தானையில் நூல் உருவிக்கொண்டே இருந்தாள். சஃப்ரீன் பார்த்துவிட்டு, அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

பதினோராம் நாள் காலை பரீஹா வேலைக்குப் போன பிறகு, மர்யம் பிளேடை எடுத்துக்கொண்டு கட்டிலுக்கடியில் கையை விட்டாள். வால் அகப்பட்டது. இழுத்தாள். செருப்புக் கால்கள் ஒவ்வொன்றாக வந்தன. கடைசியில் தலை.

கண்கள் இல்லை.

திருப்பிப் பார்த்தாள். பிய்ந்த மாதிரி இல்லை. தைத்த இடத்தில் நூலை ஒட்ட வெட்டி, கம்பளி பிரிந்துவிடாமல் மெழுகு நூலால் சின்ன முடிச்சு போட்டிருந்தது. அந்த முடிச்சை அவளுக்குத் தெரியும். வீட்டில் இருக்கிற பர்ஸ், பை எல்லாவற்றிலும் இருக்கிற முடிச்சு.

டப்பாவைத் திறந்தாள். குத்தூசிக்குப் பக்கத்தில் இரண்டு கறுப்புப் பொத்தான்கள், தொலைந்துபோகாமல் நூலில் ஜோடியாகக் கோத்துக் கிடந்தன.

பிசிறு என்று சொன்னாரே.

முதலில் நெஞ்சில் ஒரு குளிர்ச்சி. அப்படியானால் வெள்ளிக்கிழமை வீட்டில் கண் இல்லை. வரவேண்டியவர்கள் வந்திருப்பார்கள், அவருக்கு ஒரு குறையும் நேர்ந்திருக்காது. மர்யம் பொத்தான்களை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். 

பிறகுதான் மற்றது தெரிந்தது. அவர் கண்களைப் பார்த்திருக்கிறார். அவள் எதற்கு வைத்தாள் என்பதும் தெரிந்திருக்கிறது, கண்ணை வை என்று சொன்னவரே அவர்தானே. தண்ணீருக்கு அவள் போகிற நேரம் பார்த்து, குழாய் எட்டுகிற மட்டும் தரையில் நகர்ந்து போய், அவள் யாரைத் தடுத்து வைத்திருந்தாளோ அவருக்கும் சேர்த்து வழி விட்டிருக்கிறார். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போறதுன்னு துணிஞ்சுட்டீங்க மச்சான்," என்றாள் டப்பாவைப் பார்த்து. "எங்கிட்ட பிசிறுன்னு சொல்லிட்டீங்க."

எதிரே மிஷின் ஓட ஆரம்பித்தது. கதவடியில் வெளிச்சத்தோடு வெள்ளைத் தூசி நுழைந்து, தரையில் தவழ்ந்து, அவள் கால் வரை வந்தது. மர்யத்துக்கு இருமல் வந்தது. சின்ன இருமல்தான், கொஞ்ச நாளாகவே வருவது. வாயைப் பொத்தி இருமிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள். மறுபடியும் வந்தது.

பொத்தான்களைக் கோத்தபடியே டப்பாவில் வைத்து மூடினாள். ரயில்பூச்சியைத் தூக்கி உதறிக் கதவடியில் கிடத்திக் காலால் தள்ளினாள். பதினேழு ஜோடி கால்களில் செருப்பு இருந்தது. வால்பக்கம் மூன்று ஜோடி வெறுங்கால்.  தூசி நின்றது. திரும்பி வந்து உட்கார்ந்து, பாதியில் கிடந்த ஒரு தொப்பியை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டாள். விட்ட கண்ணி எது என்று தெரிய நேரம் பிடித்தது.